பட்டா, சிட்டா, வில்லங்கம், நத்தம், வாரிசுச் சான்று: எந்தத் தாள் எதைச் சொல்கிறது?

மணிமுத்தாறு:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா காலமான பிறகு பீரோவில் இருந்த காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தோம். தாத்தா பெயரில் 1972 இல் பதிவான கிரயப் பத்திரம் ஒன்று, அதுவும் ஜெராக்ஸ்தான். அப்பா, சித்தப்பா இருவர் பெயரிலும் ஒரு கூட்டுப் பட்டா. வில்லங்கச் சான்று (ஈ.சி.) ஒன்று, அதில் ஒரு பதிவுகூட இல்லை. பழைய அடங்கல் நகல்கள். வீட்டு மனைக்கு 'நத்தம்' என்று போட்ட ஒரு தாள். கடைசியாக, தாத்தா கைப்பட வெள்ளைத்தாளில் 1993 இல் எழுதிய உயில். இரண்டு சாட்சிக் கையெழுத்து இருக்கிறது, பதிவு செய்யவில்லை.

"பட்டாவுல நானும் உங்க அப்பனும்தான் இருக்கோம், ஆளுக்குப் பாதி. ஈ.சி.யும் சுத்தமா இருக்கு. உங்க அத்தைங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாது" என்கிறார் சித்தப்பா. அத்தைகள் இரண்டு பேர். இருவரும் இதுவரை வாய் திறக்கவில்லை. தாத்தா 1996 இல் போய்விட்டார், பாட்டி அதற்கு முன்பே.

இந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளாமல் சித்தப்பாவிடம் போய் உட்கார எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
தம்பி, உங்க சித்தப்பா சொல்வது சரிதான். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ நிலம் அவருக்கு. பேங்கில் பயிர்க்கடன் கேட்டால் பட்டா, மழை வெள்ளத்தில் இழப்பீடு வந்தால் பட்டா, கரண்ட் சர்வீஸுக்கும் பட்டா. பத்திரத்தை யாரும் கேட்பதே இல்லை.

ஏட்டுச்சுவடி:
வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

மணிமுத்தாறு தம்பி, உங்கள் கட்டில் இருக்கும் தாள்கள் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவை அல்ல. பத்திரமும் வில்லங்கச் சான்றும் பதிவுத் துறையுடையவை. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் வருவாய்த் துறையும் நில அளவைத் துறையும் வைத்திருக்கும் கணக்கு. முதல் துறை "யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள்" என்று பதிகிறது. இரண்டாவது "இந்த நிலத்துக்குத் தீர்வை யாரிடம் வசூலிப்பது, யார் பயிர் செய்கிறார்கள்" என்று பதிகிறது. ஒவ்வொரு தாளும் தனக்குக் கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அதை விட்டுவிட்டு வேறு கேள்விக்குப் பதிலாக அதைக் காட்டினால்தான் குடும்பத்தில் சண்டை வருகிறது.

பட்டாவை எடுத்துப் பாருங்கள். மேலே மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண். அடுத்து உரிமையாளர் பெயர்கள், கூடவே தகப்பனார் பெயர். கீழே புல எண், உட்பிரிவு எண், அதன் பிறகு நன்செய், புன்செய், மற்றவை என்று பிரித்துப் பரப்பும் தீர்வையும் இருக்கும். பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். 0.40.50 என்றால் நாற்பதரை ஏர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். தீர்வை சில ரூபாய், சில பைசா. இது வரிக் கணக்கின் ஒரு பக்கம். அந்த நிலம் அவருக்கு எப்படி வந்தது, யாரிடம் வாங்கினார், என்ன விலை, ஒரு வரிகூட இருக்காது.

சிட்டா என்பது ஒரு பட்டாதாரருக்கு அந்தக் கிராமத்தில் என்னென்ன புல எண்கள் இருக்கின்றன என்ற தொகுப்பு. இப்போது பட்டாவும் சிட்டாவும் ஒரே தாளாகத்தான் இணையத்தில் வருகின்றன. அடங்கல் கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் 2ஆம் எண் கணக்கு. எந்தப் புலத்தில் இந்தப் பசலியில் (வருவாய்க் கணக்கு ஆண்டில்) என்ன பயிர், எவ்வளவு பரப்பு, பாசனம் எதிலிருந்து என்று அதில் இருக்கும்.

மணிமுத்தாறு:
ஐயா, மிக்க நன்றி. 'பசலி 1402' என்று ஒரு அடங்கல் நகலில் இருக்கிறது. அது எந்த வருடம்?

ஏட்டுச்சுவடி:
பசலியோடு 590 ஐக் கூட்டுங்கள். 1402 என்றால் 1992 ஜூலை 1 இல் தொடங்கி 1993 ஜூன் 30 இல் முடிந்த ஆண்டு. ஒவ்வொரு பசலியின் கணக்கையும் முடிக்கும் வருடாந்தரத் தணிக்கைதான் ஜமாபந்தி. வருவாய்த் தீர்வாயம் என்று நோட்டீஸில் போடுவார்கள். பட்டா மாறுதல், அளவுப் பிழை போன்ற மனுக்களை அப்போது நேரில் கொடுக்கலாம், உயர் அலுவலர் முன்னிலையில் பதிவாகும்.

கரிசல்காடு:
ஐயா, நீங்கள் அந்தத் துறையிலேயே இருந்தவர். அரசு முத்திரை போட்டுக் கொடுத்த தாளில் 'உரிமையாளர் பெயர்' என்றே அச்சிட்டிருக்கிறது. அதை வைத்து உரிமை இல்லை என்றால் வேறு எதை வைத்து?

நீதிக்கோல்:
நல்ல கேள்வி. வழக்கறிஞராக நானே பதில் சொல்கிறேன்.

வருவாய்க் கணக்கில் பெயர் ஏறுவதால் மட்டும் யாருக்கும் உடைமை உரிமை வந்துவிடாது, அது வரி வசூலுக்கானது என்பது உச்ச நீதிமன்றம் பல முறை சொன்ன நிலைப்பாடு. 2007 இல் சூரஜ் பான் வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உரிமையில் தகராறு என்றால் தீர்மானிக்க வேண்டியது உரிமையியல் நீதிமன்றம். தாசில்தார் அல்ல.

அதே நேரம் கரிசல்காடு சொல்வதிலும் ஒரு பகுதி சரி. எல்லாப் பட்டாவும் ஒரே ரகம் இல்லை. நிலமற்றவர்களுக்கு அரசு கொடுத்த ஒப்படைப் பட்டா இருக்கிறதே, அதற்கு முன்னால் பத்திரம் எதுவும் இருக்காது, அரசு கொடுத்த அந்த ஆணைதான் உரிமைக்கு மூலம். ஜமீன், இனாம் ஒழிப்புச் சட்டங்களின்படி செட்டில்மென்ட் அலுவலர்கள் விசாரித்துக் கொடுத்த ரயத்துவாரிப் பட்டாவையும் மற்றப் பட்டா போல எடுத்துக்கொள்ள முடியாது. அது விசாரணைக்குப் பின் வந்த உத்தரவு. ஆகவே "பட்டா இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த வகைப் பட்டா, எந்த உத்தரவின் பேரில் வந்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

மணிமுத்தாறு வீட்டுக் கதையில் 1972 கிரயப் பத்திரம் இருக்கிறது. அங்கே உரிமையின் வேர் அந்தப் பத்திரம்.

ஏட்டுச்சுவடி:
இன்னொன்று கேட்கிறேன். தாத்தா பெயரில் வாங்கிய நிலத்துக்கு அப்பா, சித்தப்பா பெயரில் பட்டா எப்போது வந்தது? தாத்தா இறந்த பிறகா, முன்பா?

மணிமுத்தாறு:
பட்டாவைப் பார்த்துத் தேதி சொல்ல முடியவில்லை ஐயா. ஆனால் எண்பதுகளில் அளவை செய்ய வந்தவர்கள் அப்பா, சித்தப்பா பெயரை எழுதிக்கொண்டு போனதாக அம்மா சொல்கிறார். தாத்தா அப்போது உயிரோடுதான் இருந்தார்.

ஏட்டுச்சுவடி:
நினைத்தேன். அது யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். 1979 இல் தொடங்கி எண்பதுகளில் மாநிலம் முழுக்க நடந்தது. பழைய பெயர்களை நீக்கிவிட்டு, நடப்பில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் புதிய பட்டா கொடுத்தார்கள். ஏக்கர், சென்ட் ஹெக்டேர், ஏர் ஆனதும் அப்போதுதான். வயலில் யார் நின்று ஏர் ஓட்டுகிறார்களோ அவர் பெயரை எழுதிக்கொண்ட இடங்கள் ஏராளம். அப்பா உயிரோடு இருக்க, பிள்ளைகள் பெயர் ஏறியது. அண்ணன் பெயர் ஏறி, தம்பி பெயர் விட்டுப்போனது. கட்டிக்கொடுத்து வெளியூர் போன பெண்கள் பெயர் எழுதிய இடத்தை நான் பார்த்ததே அபூர்வம்.

இந்தத் திட்டத்தில் நேர்ந்த பிழைகளைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு கொடுக்க வழி இருக்கிறது. எழுத்துப் பிழை, புல எண் மாறிப்போனது போன்றவை அங்கே தீரும். பங்கு யாருக்கு எவ்வளவு என்ற சண்டையாக மாறினால் "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்றுதான் எழுதுவார்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், கணக்கில் விட்டுப்போன ஒரு பெயரைக் காட்டி, நாற்பது வருடம் கழித்து, "உனக்குப் பங்கே இல்லை" என்று கூடப்பிறந்தவளிடமே சொல்கிறார்கள். அந்தக் கணக்கை எழுதிய துறைக்கே அப்படி ஒரு நினைப்பு கிடையாது.

தேனருவி:
இதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்! எங்கள் பக்கத்தில் "1989 க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குப் பங்கு இல்ல" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. வக்கீல் சார், அது உண்மையா? இவருடைய அத்தைகளுக்கும் அது பொருந்துமா?

நீதிக்கோல்:
பொருந்தாது சகோதரி. இரண்டு தனித்தனி விஷயங்களைப் போட்டுக் குழப்புவதால் வரும் பேச்சு அது.

பூர்வீகச் சொத்து என்றால் பிறப்பாலேயே உரிமை வரும் கூட்டுக் குடும்பச் சொத்து. அதில் முன்பு ஆண்களுக்கு மட்டும்தான் பிறப்புரிமை. தமிழ்நாடு சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் பெண்களுக்கும் அதைக் கொடுத்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை விலக்கியது. பிறகு 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் அந்த விலக்கு இல்லாமல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. 2004 டிசம்பர் 20 க்கு முன்பே முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினையை மட்டும் இந்தத் திருத்தம் தொடாது.

இங்கே அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. தாத்தா 1972 இல் தன் பணத்தில் வாங்கியிருந்தால் அது தனிச் சொத்து, சுயார்ஜிதம். உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் அவருடைய தனிச் சொத்து மனைவி, தாய், மகன்கள், மகள்கள் என்ற முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். இது 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. மகளுக்குக் கல்யாணம் எப்போது ஆனது என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. உங்கள் தாத்தாவின் உயில் இந்த நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால், பாட்டி முன்பே இறந்துவிட்டதால், நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. உங்கள் அப்பாவின் கால் பங்கு உங்கள் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வரும். பூர்வீக நிலத்தின் வருமானத்தில் வாங்கினார் என்று சித்தப்பா வாதாடினால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது.

கரிசல்காடு:
சரி வக்கீல் சார், பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் நிலம் சொந்தம் என்பார்களே? சித்தப்பா முப்பது வருடமாக உழுகிறார்.

நீதிக்கோல்:
எதிரிடை அனுபவம் என்று அதற்குப் பெயர். தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு, அரசு நிலத்துக்கு 30 ஆண்டு என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. ஆனால் வெறுமனே அங்கே இருந்தால் போதாது. உண்மையான உரிமையாளருக்குத் தெரியும்படி, அவருடைய உரிமையை மறுத்து, இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். குத்தகைக்காரரும் காவலுக்கு வைத்தவரும் எத்தனை வருடம் இருந்தாலும் கணக்கில் வராது.

கூட்டுச் சொந்தக்காரர்களுக்குள் இது இன்னும் கடினம். ஒரு பங்குதாரர் உழுதால் எல்லாருக்காகவும் உழுவதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். "உங்களுக்கு இதில் உரிமை இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து விலக்கிய நாளைக் காட்டி, அங்கிருந்துதான் 12 ஆண்டு எண்ண வேண்டும். பொங்கலுக்கு அத்தைகளுக்கு நெல்லும் சீரும் போய்க்கொண்டிருந்தது என்றால் அந்த வாதம் நிற்காது.

மணிமுத்தாறு:
வருடா வருடம் அரிசி போகும் சார். அம்மாவே கட்டி அனுப்பியிருக்கிறார்.

சரி, அந்த வில்லங்கச் சான்று? 1975 முதல் இன்றுவரை போட்டு எடுத்தது. ஒரு பதிவும் இல்லை. சுத்தம் என்று சித்தப்பா சொல்வது அதை வைத்துத்தான்.

பேனாமுனை:
பத்திர எழுத்து என் தொழில், இதற்கு நான் சொல்கிறேன்.

பதிவே இல்லை என்று வந்த வில்லங்கச் சான்றுக்கு ஒரே ஒரு பொருள்தான். நீங்கள் கேட்ட காலத்தில், நீங்கள் கொடுத்த புல எண்ணில், அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எந்த ஆவணமும் பதிவாகவில்லை. அவ்வளவுதான். நிலம் யாருடையது என்று அது சொல்லாது. உங்கள் தாத்தா வாங்கியதுகூட அதில் வரவில்லை பாருங்கள். அது 1972, நீங்கள் தேடியது 1975 இலிருந்து. இணையத்தில் பல அலுவலகங்களுக்கு 1975 முதல்தான் எடுக்க முடிகிறது. அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்லி வாங்க வேண்டும்.

வில்லங்கச் சான்றில் வராதவை நிறைய உண்டு. பதிவு செய்யாத கிரய ஒப்பந்தம் வராது. வாய்வழிப் பாகம் வராது. உயில் பதிவாகியிருந்தாலும் வராது, ஏனென்றால் உயில்கள் 3ஆம் புத்தகத்தில் தனியாகப் பதிவாகின்றன, வில்லங்கச் சான்று 1ஆம் புத்தகத்தைப் பார்த்து எழுதுவது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் பொதுவாகத் தெரியாது. ஊர் பிரிந்து வேறு சார்பதிவாளர் எல்லைக்குள் போயிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். யு.டி.ஆரில் புல எண் மாறியிருந்தால் பழைய எண்ணைப் போட்டுத் தனியாகத் தேட வேண்டும். பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

பதிவு இருந்தால் ஒவ்வொரு பதிவையும் முழுக்கப் படியுங்கள். ஆவண எண், ஆண்டு, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, தொகை, முந்தைய ஆவண எண், நான்கெல்லை எல்லாம் இருக்கும். அந்த 'முந்தைய ஆவண எண்'ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போனால் தாய்ப் பத்திரம் வரை போய்விடலாம். 'தன்மை' என்ற இடத்தில் அடமானம் என்று இருந்து, அதற்கான ரத்து ரசீது பின்னால் வராமல் இருந்தால் உடனே விசாரியுங்கள்.

கொங்குமஞ்சள்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மனை வாங்கியது பவர் மூலம். சொந்தக்காரர் எனக்கே பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார், கூடவே கிரய ஒப்பந்தமும். முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. இப்போது அவர் இறந்துவிட்டார். நான் கிரயம் வாங்கியதாக ஆகுமா?

பேனாமுனை:
கிரயம் என்றால் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவாக வேண்டும் அண்ணா. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தை விற்கப் பதிவு கட்டாயம். ஒப்பந்தம் "விற்பேன்" என்ற வாக்கு. பவர் "என் சார்பில் நீ கையெழுத்துப் போடு" என்ற அனுமதி. இரண்டையும் சேர்த்தாலும் விற்பனை ஆகாது என்று 2011 இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீதிக்கோல்:
கொங்குமஞ்சள், எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவர் பொதுவாக முடிந்துவிடும். பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் உரிமை சேர்ந்திருந்தால் விதிவிலக்கு உண்டு, ஆனால் உங்கள் பவர் அந்த வகையா என்பதை வாசகத்தைப் படிக்காமல் சொல்ல முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று கேட்பதே இதனால்தான். முதலில் அவருடைய வாரிசுகள் எல்லோரையும் பாருங்கள். அவர்கள் சேர்ந்து உங்களுக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. மறுத்தால் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போட வேண்டும். அதற்கு மூன்று வருடக் காலவரையறை இருக்கிறது, ஒப்பந்தத் தேதியோடு வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அதோடு பவர் வாங்கிய ஒருவர், கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போது மூன்றாம் ஆளுக்கு முறையாகக் கிரயம் எழுதிப் பதிவு செய்திருந்தால் அது செல்லும். அதை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம்.

பனைநிழல்:
புறம்போக்கு, நத்தம், தரிசு, பஞ்சமி இதெல்லாம் ஒன்றுதானா? எங்கள் ஊரில் எல்லாவற்றையும் 'பொறம்போக்கு' என்றே சொல்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி:
ஒன்றல்ல. மணிமுத்தாறுக்கும் இதில் பதில் இருக்கிறது, கவனியுங்கள்.

புறம்போக்கு என்றால் தீர்வை விதிக்காமல் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கிய நிலம். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் எல்லாம் நீர்நிலைப் புறம்போக்கு. வண்டிப்பாதை, மேய்க்கால், மந்தைவெளி, சுடுகாடு எல்லாம் தனித்தனி வகை. நீர்நிலையில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் பட்டா கேட்டுப் பயன் இல்லை, நீதிமன்றங்கள் அதில் உறுதியாக இருக்கின்றன. ஆக்கிரமிப்பவருக்கு 'பி மெமோ' போடுவார்கள். அதற்குப் பணம் கட்டிய ரசீதை உரிமைச் சான்றாக நினைத்துப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அது அபராத ரசீது, ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி.

தரிசு என்றால் அரசு நிலம், தீர்வை விதித்தும் இருக்கலாம், விதிக்காமலும் இருக்கலாம், யாருக்கும் ஒப்படைக்காமல் கிடப்பது.

கிராம நத்தம் வேறு. ஊர் மக்கள் வீடு கட்டிக் குடியிருக்க ஒதுக்கிய பகுதி. அங்கே வீடு கட்டி வழிவழியாக இருப்பவரின் மனை அரசுக்குச் சொந்தமான புறம்போக்கு ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நத்தத்துக்கு முன்பு பட்டா வழக்கம் கிடையாது. பிறகு நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்து, முதலில் தோராயப் பட்டா கொடுத்து ஆட்சேபணை கேட்டு, அப்புறம் தூய பட்டா கொடுத்தார்கள். மணிமுத்தாறு, உங்கள் தாளில் மேலே எது அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பஞ்சமி நிலத்தை மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891 இல் தலித் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். அதையடுத்து 1892 இல் வந்த ஆணைப்படி கொடுக்கத் தொடங்கிய நிலங்கள் இவை. பத்து ஆண்டு வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயே விற்கலாம், வேறு யாருக்கும் கூடாது என்று நிபந்தனை. மீறி வாங்கினால் அந்த விற்பனை செல்லாது, அரசு திரும்ப எடுக்கலாம். இன்றைய பட்டாவில் யாருடைய பெயர் இருந்தாலும் பழைய 'அ' பதிவேட்டில் நிபந்தனைக் குறிப்பைத் தேடிப் பாருங்கள் பனைநிழல். புலவாரியாக நிலத்தின் வகை, தீர்வை, பட்டாதாரர் பெயர் உள்ள பதிவேடு அது. நிலம் வாங்கும் யாரும் அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பனைநிழல்:
எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்த நிலம் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது வேறு ஆட்கள் வேலி போட்டிருக்கிறார்கள். பதிவேட்டு நகலுக்கு மனுப் போடுகிறேன் ஐயா.

ஏட்டுச்சுவடி:
போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், புல எண்ணைக் குறிப்பிட்டு, எந்த ஆண்டுப் பதிவேடு என்றும் எழுதுங்கள்.

மணிமுத்தாறு:
என் தாளில் 'தோராயப் பட்டா' என்று இருக்கிறது, தாத்தா பெயர். அந்த வீட்டைத்தான் சின்ன அத்தைக்கு என்று உயிலில் எழுதியிருக்கிறார். பதிவு செய்யாத உயில் செல்லாது என்று சித்தப்பா சொல்கிறார்.

நீதிக்கோல்:
உயிலுக்குப் பதிவு கட்டாயம் இல்லை. முத்திரைத்தாளும் வேண்டாம். எழுதியவர் கையெழுத்து, அவர் கையெழுத்திட்டதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்து, இது போதும். ஆனால் தகராறு வந்தால் நிரூபிக்க வேண்டும். சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். முப்பது வருடப் பழைய ஆவணம், அதனால் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் வசதி உயிலுக்குக் கிடையாது. சாட்சிகள் இருக்கிறார்களா?

மணிமுத்தாறு:
ஒருவர் இருக்கிறார் சார். வயதானவர், நினைவு நன்றாக இருக்கிறது.

நீதிக்கோல்:
அப்படியானால் அசல் உயிலைக் கசங்காமல், லேமினேட் செய்யாமல் வையுங்கள். அந்தப் பெரியவரை அத்தையோடு போய்ப் பாருங்கள்.

தேனருவி:
வாரிசுச் சான்று பற்றியும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை வாங்கிவிட்டு, சொத்தே பிரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி:
தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, இறந்தவருக்கு இன்னார் இன்னார் வாரிசு என்ற பட்டியல். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் இருக்காது. பட்டா மாற்றம், ஓய்வூதியம் போன்றவற்றுக்கு அது போதும். வங்கி வைப்பு, பங்குப் பத்திரம், வரவேண்டிய கடன் இவற்றுக்கு நிறுவனம் வற்புறுத்தினால் நீதிமன்றத்தில் வாங்குவது வாரிசுரிமைச் சான்று. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் ஒன்றுக்காக மற்றதற்கு அலைகிறார்கள்.

மணிமுத்தாறு, நீங்கள் தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, இரண்டு வாங்க வேண்டும். தாத்தாவின் சான்றில் இரண்டு அத்தைகள் பெயரும் இருக்க வேண்டும். மனுவிலேயே எழுதுங்கள், விட்டுவிட்டு வாங்கினால் பின்னால் ரத்தாகும்.

மணிமுத்தாறு:
நேற்று பெரிய அத்தையிடம் பேசினேன். "எனக்கு நிலம் வேண்டாம்டா, உங்களுக்கே எழுதித் தர்றேன். ஆனா என் பேரே இல்லைன்னு சொல்றதைத்தான் தாங்க முடியல" என்றார். அவர் எழுதித் தருவதானால் அது தானமா, விடுதலையா, செட்டில்மென்ட்டா?

பேனாமுனை:
கூட்டுச் சொந்தக்காரர் தன் பங்கை இன்னொரு கூட்டுச் சொந்தக்காரருக்கு விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம். குடும்பத்தில் ஒருவர் பாசத்தில் பணம் வாங்காமல் தன் சொத்தை எழுதிக் கொடுத்தால் தானசெட்டில்மென்ட். எல்லோரும் சேர்ந்து ஆளுக்கு இந்தப் பகுதி என்று பிரித்துக்கொண்டால் பாகப்பிரிவினை. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் கிரயத்தைவிட வெகு குறைவு. கிரயத்துக்கு 7 சதவீதம் முத்திரைக் கட்டணமும் 2 சதவீதம் பதிவுக் கட்டணமும் ஆகும். எதை எழுதினாலும் அத்தை தன் கால் பங்கைக் கொடுக்கிறார் என்று தெளிவாக எழுதுங்கள். அவருக்கு உரிமை இருப்பதே அப்போது பத்திரத்தில் ஏறிவிடும்.

நீதிக்கோல்:
ஒன்றைச் சேர்க்கிறேன். செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்து அது ஏற்கப்பட்டுவிட்டால், மனம் மாறினால் ஒருதலையாகப் போய் ரத்து செய்ய முடியாது. சார்பதிவாளர் அப்படி ஒருதலை ரத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று 2022 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 மட்டும் ஒரு வழி வைத்திருக்கிறது. "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கவில்லை என்றால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். உங்கள் பெரிய அத்தைக்கு வயதாகிவிட்டது என்றால் அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் கட்டாயம் எழுதுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே எழுதச் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
இத்தனையும் படித்த பிறகு எங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தேடச் சொல்லியிருக்கிறேன். மணிமுத்தாறு தம்பி, சித்தப்பா கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிடுவேன் என்று மிரட்டினால்?

மணிமுத்தாறு:
மிரட்டிவிட்டார் அண்ணா. ஸ்டே வாங்கி நாங்கள் நிலத்தில் கால் வைக்காமல் செய்துவிடுவாராம்.

நீதிக்கோல்:
அவர் வழக்குப் போட்டு, உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை கேட்கலாம் என்று தோன்றினால் நீங்கள் கேவியட் மனுப் போடலாம். "என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்" என்று முன்கூட்டியே நீதிமன்றத்தில் சொல்லிவைப்பது. 90 நாள் வரை உயிரோடு இருக்கும், பிறகு மறுபடி போட வேண்டும். இடைக்காலத் தடை என்பது தீர்ப்பு அல்ல, வழக்கு முடியும்வரை ஒரு செயலை நிறுத்திவைப்பது. 'நிலைமை நீடிக்கட்டும்' என்று உத்தரவு வந்தால் இரு தரப்பும் இப்போது இருப்பதை மாற்றக் கூடாது, அவருக்கும் அது பொருந்தும்.

சம்மன் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வராமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடும். அதை விலக்கக் கோர 30 நாள்தான். நீங்களே பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் அது சொல்லும். அதோடு வழக்கு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் அதிகம். அதன் பின் மனுப் போட்டு, நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் வந்து அளந்து, இந்தப் பக்கம் உனக்கு என்று கல் நடும் வகையில் இறுதித் தீர்ப்பாணை வாங்க வேண்டும். அது வருடக்கணக்கில் ஆகும். சின்ன அத்தை, பெரிய அத்தை, நீங்கள் மூன்று தரப்பும் ஒன்றாக நின்றால் சித்தப்பாவே பேச வருவார், முதலில் அதை முயலுங்கள்.

மணிமுத்தாறு:
சரி சார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு அத்தைகளும் வருகிறார்கள், சித்தப்பாவையும் கூப்பிட்டிருக்கிறோம். அதற்கு முன் 1972 பத்திரத்தின் சான்றிட்ட நகல் கையில் இருந்தால் நன்றாக இருக்கும். பேனாமுனை அண்ணா, என்ன கொண்டுபோக வேண்டும்?

பேனாமுனை:
உங்கள் ஜெராக்ஸின் கடைசிப் பக்கத்தில் ஆவண எண், ஆண்டு, புத்தகம் 1, தொகுதி எண், பக்க எண், சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் எல்லாம் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு அதே அலுவலகத்தில் நகல் மனுப் போடுங்கள். 1ஆம் புத்தகத்தில் உள்ள ஆவணத்தின் நகலை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கலாம், தாத்தாவுக்கு நீங்கள் வாரிசு என்று நிரூபிக்கத் தேவையில்லை. நகல் வந்ததும் முதல் வேலையாக, அதில் உள்ள புல எண்ணையும் நான்கெல்லையையும் உங்கள் பட்டாவோடும் புலப்படத்தோடும் வைத்து ஒப்பிடுங்கள். பரப்பில் வித்தியாசம் இருந்தால் இங்கே போடுங்கள், ஏட்டுச்சுவடி ஐயாவும் நானும் பார்க்கிறோம்.